தளை தட்டுகிறது, எதுகை இல்லை என்கிறார்கள், அணி பிடிபடவில்லை: எங்கே பார்ப்பது?

மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு யாப்பும் அணியும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் குறளை அலகிட, அதாவது சீர்களை அசை அசையாக வெட்டிப் பார்க்கத் தெரியாமல் வருவார்கள். கல்லூரிப் பிள்ளைகள் சொந்தமாக எழுதிய வெண்பாவோடு வருவார்கள். ஆண்டுதோறும் முகங்கள் மாறினாலும் நோட்டில் இருக்கும் பிழைகள் மாறுவதில்லை. அவற்றைத் திருத்தித் திருத்தி, எந்தக் கோளாறுக்கு எந்த இடத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று ஒரு வரிசை எனக்குக் கைவந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முழுவதும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில் வரும், அதிகம் உழைக்க வேண்டியது கடைசியில் வரும். எழுதிய சொல்லில் கை வைப்பதற்கு முன்னால் வெட்டிய அசையைச் சரிபாருங்கள். என்னிடம் வரும் நோட்டுகளில் பாதிக்குமேல் பாட்டு சரியாகவே இருக்கும், அலகிட்டதுதான் தப்பாக இருக்கும்.

குறளை அலகிட்டேன், விடை பொருந்தவில்லை

முதலில் சீரை எண்ணுங்கள். குறள் என்றால் முதல் அடியில் நான்கு, இரண்டாம் அடியில் மூன்று, மொத்தம் ஏழு. ஏழு வரவில்லை என்றால் கோளாறு சீர் பிரித்ததில் இருக்கிறது. அசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏழு வருகிறது, வாய்பாடு (சீரின் பெயர்) மட்டும் தப்பு என்றால் நெடிலில் வெட்டினீர்களா என்று பாருங்கள். நெடில் வந்தால் அங்கேயே வெட்டு, பின்னால் ஒற்று இருந்தால் அதையும் சேர்த்துக்கொண்டு வெட்டு. அடுத்த எழுத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் உரிமை குறிலுக்கு மட்டும்தான். அப்படிச் சேர்ந்த அசை நிரை, சேராமல் தனியாக நிற்பது நேர். ‘பாடினான்’ என்பதைப் பாடி/னான் என்று வெட்டுகிறார்கள். அது பா/டினான், நேர் நிரை, கூவிளம். ‘விழா’ ஒரே அசை, நிரை. ‘வாழி’ இரண்டு அசை, வா/ழி. குறிலும் நெடிலும் இடம் மாறினால் கணக்கே மாறிவிடுகிறது.

அடுத்தது ஒற்று. ஒற்று எத்தனை வந்தாலும் தனி அசை ஆகாது. ‘வாழ்க்கை’யில் இரண்டு ஒற்று அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டும் முன்னால் உள்ள நெடிலோடு போகும்: வாழ்க்/கை, தேமா. ஆய்தமும் இங்கே ஒற்றுப் போலத்தான்: எஃ/கு.

வாய்பாட்டுப் பெயர் நினைவில் நிற்கவில்லை என்று அழுத பிள்ளைகள் உண்டு. மனப்பாடம் செய்யவே வேண்டாம். அந்தப் பெயரையே வெட்டிப் பாருங்கள்: தே/மா நேர் நேர், புளி/மா நிரை நேர், கூ/விளம் நேர் நிரை, கரு/விளம் நிரை நிரை. பெயருக்குள்ளேயே விடை இருக்கிறது. மூன்று அசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி.

இவ்வளவும் சரியாக இருந்தும் இடிக்கிறதா? ஐகாரத்தைப் பாருங்கள். சொல்லின் முதலில் வரும் ஐகாரத்தை நெடிலாகக் கொள்ள வேண்டும்: வை/யகம். நடுவிலும் கடைசியிலும் வந்தால் அது குறுகிக் குறில் போல நடக்கும். ‘ஊழையும்’ என்பதை ஊ/ழையும் என்று வெட்டினால் கூவிளம். ஐகாரத்தை நெடிலாக எண்ணி ஊ/ழை/யும் என்று வெட்டினால் தேமாங்காய். இரண்டுக்குப் பின்னாலும் நேர் வரலாம் என்பதால் தப்பு வெளியே தெரியாது. ‘இல்லையெனில்’ வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். சரியான வெட்டு இல்/லையெ/னில், கூவிளங்காய். தப்பாக வெட்டினால் இல்/லை/யெனில், தேமாங்கனி. குறளும் வெண்பாதான், வெண்பாவில் கனிச்சீர் வரவே கூடாது. அதனால் கனி கிடைத்தாலே முதலில் ஐகாரத்தைச் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, கையில் உள்ள பதிப்பு. பொருள் எளிதில் புரிய வேண்டும் என்று சொற்களைப் பிரித்து அச்சிட்டிருப்பார்கள். படிக்க நல்லது, அலகிட ஆகாது. ‘குழல்இனிது யாழ்இனிது’ என்று தொடங்கும் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். அலகிடும்போது அது இப்படி நிற்க வேண்டும்:

குழலினி தியாழினி தென்பதம் மக்கள்
மழலைச்சொல் கேளா தவர்

இரண்டாவது சீரில் இருக்கும் ‘தி’ குற்றியலிகரம், குறுகி ஒலிக்கும் இகரம். அதை எண்ணினால் தியா/ழினி, கருவிளம். முன்னால் இருக்கும் ‘குழலினி’யும் கருவிளம். விளத்துக்குப் பின் நேர்தான் வர வேண்டும், நிரை வந்து தளை (சீரும் சீரும் சேரும் கட்டு) கெடுகிறது. வள்ளுவர் தளை தவறியிருப்பாரா? ‘தி’யைக் கணக்கில் எடுக்காமல் யா/ழினி என்று வெட்டினால் கூவிளம், எல்லாம் பொருந்திவிடும். இந்த ஒரு குறளைக் கையால் மூன்று முறை வெட்டிப் பழகினால் பாதிப் பயம் போய்விடும். என் வகுப்பில் முதல் வாரமே இதைத்தான் கொடுக்கிறேன்.

‘கேளாதவர்’ என்ற ஒரே சொல் ‘கேளா’ ‘தவர்’ என்று இரண்டு சீராக உடைந்திருப்பதையும் பாருங்கள். அதற்கு வகையுளி என்று பெயர். சொல் முடியும் இடத்தில்தான் சீர் முடிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அளபெடை, அதாவது நெடிலின் ஓசையை நீட்டக் கூட்டி எழுதும் உயிரெழுத்து வந்த குறளில் அதை அச்சுப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். ‘தெய்வம் தொழாஅள்’ என்பதில் அந்த ‘அ’ இருந்தால்தான் தொழா/அள், புளிமா. அதை எடுத்துவிட்டால் ‘தொழாள்’ என்று ஓர் அசை மட்டுமே மிஞ்சி, சீர் குறைந்துபோகும்.

எப்போது ஆசிரியரிடம் போவது: மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்த பிறகும் ஒரு குறளில் தளை தட்டுகிறது என்றால் நோட்டை மூடிவிட்டு யாப்பு தெரிந்தவரிடம் போங்கள். பெரும்பாலும் பாடத்தில் எழுத்து மாறியிருக்கும், அல்லது புணர்ச்சி ஒன்று உங்கள் கண்ணில் படாமல் இருக்கும்.

நானே எழுதிய வெண்பாவில் தளை தட்டுகிறது

மூன்றே விதிகள்தான்: மாவுக்குப் பின் நிரை, விளத்துக்குப் பின் நேர், காய்க்குப் பின் நேர். அடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடத்துக்கும் இதே விதி. அதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

ஒரு மாணவி கொண்டுவந்த குறள் வெண்பா இது:

பேருந்து வரவில்லை பேசியே நின்றிருந்தோம்
யாருமில்லாத சாலை இருட்டு

காட்சி நன்றாக இருக்கிறது. இரவில் நிறுத்தத்தில் நிற்கும் நான்கைந்து பேர் கண்ணுக்குத் தெரிகிறார்கள். இதைக் கெடுக்காமல் திருத்த வேண்டும். வெட்டிப் பார்த்தோம். பே/ருந்/து தேமாங்காய். அதற்குப் பின் வர/வில்/லை, நிரையில் தொடங்குகிறது. காய் முன் நிரை, தளை தட்டியது. ‘வாராமல்’ என்று மாற்றினாள், நேர் வந்துவிட்டது. ‘வரவில்லை’ என்றால் வாக்கியம் அங்கே முடிந்து நிற்கிறது, ‘வாராமல்’ என்றால் அடுத்ததற்கு ஓடுகிறது. தளையைத் திருத்தப் போய் ஓட்டமும் கிடைத்தது.

இரண்டாம் அடியில் யா/ருமில்/லா/த. எண்ணுங்கள், நான்கு அசை. வெண்பாவில் ஒரு சீருக்கு மூன்று அசைக்குமேல் ஆகாது. ‘யாரும் இல்லாத’ என்று பிரித்துவிடலாமே என்று கேட்டாள். பிரித்தால் யா/ரும் தேமா, அடுத்து இல் நேர், மாவுக்குப் பின் நேர் வந்துவிடும். அதோடு அந்த அடியில் நான்கு சீர் ஆகிவிடும். ‘இல்லாத’ என்பதை ‘இலா’ என்று சுருக்கினோம்:

பேருந்து வாராமல் பேசியே நின்றிருந்தோம்
யாருமிலாச் சாலை இருட்டு

யா/ருமி/லாச் கூவிளங்காய், சா/லை தேமா, இருட்/டு பிறப்பு (ஈற்றுச் சீரின் பெயர், கீழே வருகிறது). மாற்றியது இரண்டே இடங்களில். பேருந்தும் இருட்டும் அவளுடையதாகவே இருக்கின்றன.

உங்கள் பாட்டிலும் இந்த வரிசையில் போங்கள். முதலில் மறுபடி அலகிடுங்கள், அதற்குச் செலவே இல்லை. அடுத்து, சொற்களைச் சேர்த்து எழுதிப் பாருங்கள். குற்றியலுகரத்தில் (குறுகி ஒலிக்கும் உகரத்தில்) முடியும் சொல்லுக்குப் பின் உயிரெழுத்து வந்தால் பாடும்போது இரண்டும் சேர்ந்துவிடும். நோட்டில் பிரித்து எழுதினால் தப்பு மறைந்துகொள்ளும். ‘காற்று எழுந்தது’ என்று எழுதினால் மா முன் நிரை, பார்க்கச் சரி. வாய்விட்டுச் சொன்னால் ‘காற்றெழுந்தது’, காற்/றெழுந்/தது, கூவிளங்கனி. வெண்பாவில் கனி! ‘காற்று விழித்தது’ என்று மெய்யெழுத்தில் தொடங்கும் சொல்லைப் போட்டால் சேராது, பிழையும் வராது. யாப்பு பார்க்கும் மென்பொருள் பச்சைக்கொடி காட்டினாலும் இந்த இடத்தை மட்டும் காதால் ஒருமுறை சோதியுங்கள்.

அது பலிக்கவில்லை என்றால் சொற்களை முன்பின் மாற்றுங்கள். ‘வானம் மூடியது’ என்பதில் மாவுக்குப் பின் நேர். ‘மூடிய வானம்’ என்று திருப்பினால் விளத்துக்குப் பின் நேர், சரியாகிவிட்டது.

அதுவும் முடியாவிட்டால் சொல்லை மாற்றுங்கள். இதற்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளச் சொல்வேன்: ஒரே பொருளுக்கு நேரில் தொடங்கும் சொல் ஒன்று, நிரையில் தொடங்கும் சொல் ஒன்று. மாரி, மழை. ஆழி, கடல். குன்று, மலை. திங்கள், நிலவு. தீ, நெருப்பு. கண், விழி. பூ, மலர். மண், நிலம். வீடு, மனை. நாற்பது ஐம்பது இணைகள் சேர்ந்துவிட்டால் பாதித் தளைப் பிழைகளை அந்தப் பக்கமே தீர்த்துவிடும். ஆனால் அகராதியில் தேடிப் பிடித்த, உங்களுக்கே பழகாத சொல்லை ஒட்டுப்போடாதீர்கள். தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

கடைசி வழி, அடியையே திரும்ப எழுதுவது. ஒரே அடியில் மூன்று இடம் தட்டினால் ஒட்டுப்போட்டு நேரத்தை வீணாக்காமல் நேரே இதற்கு வந்துவிடுங்கள்.

கடைசிச் சீர் தப்பு என்கிறார்கள்

வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். ‘வான்’ நாள், ‘மழை’ மலர், ‘காற்று’ காசு, ‘விளக்கு’ பிறப்பு. ‘மாலை’, ‘வானம்’ போல முழு ஈரசைச் சொல் அங்கே நிற்க முடியாது. பெரும்பாலான பிழை இதுதான். சொல்லை மாற்றினால் தீர்ந்துவிடும்.

‘நிலவு’, ‘கனவு’ என்று முடிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காசும் பிறப்பும் குற்றியலுகரத்தில் முடிய வேண்டும் என்பது பொது விதி. வகர உகரம் முற்றியலுகரம், குறுகாத உகரம். ஆனால் ‘மெய்ப்பொருள் காண்ப தறிவு’ என்று குறளே முடிகிறது. சிறுபான்மையாக இடம் உண்டு, பாட்டுக்குப் பாட்டு அப்படி முடிக்காதீர்கள்.

எதுகை வைத்திருக்கிறேன், இல்லை என்கிறார்கள்

நீங்கள் காட்டுவது சொல்லின் கடைசியையா? ‘நிலவு, கனவு’ என்று முடிவில் ஒலி ஒத்து வருவது இயைபு. எதுகை இரண்டாம் எழுத்தில் இருக்கிறது. நிலவில் ‘ல’, கனவில் ‘ன’, ஒன்றவில்லை. திரைப்பாட்டைக் கேட்டு வளர்ந்த காதுக்கு முடிவின் ஒலிதான் முதலில் கேட்கிறது. அது குறை இல்லை, பழக்கம்தான். பத்துக் குறளை எடுத்து இரண்டு அடிகளின் முதல் சொற்களை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். அகர, பகவன். கேடில், மாடல்ல. காது திரும்பிவிடும்.

இரண்டாம் எழுத்து ஒன்றியும் இல்லை என்கிறார்களா? முதல் எழுத்தின் அளவைப் பாருங்கள். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ‘பட்டு, கட்டு’ எதுகை. ‘பட்டு, பாட்டு’ எதுகை இல்லை. ‘மனம், கானம்’ இல்லை. ‘வானம், கானம்’ எதுகை.

அதுவும் சரி என்றால் உச்சரிப்புதான் காரணம். ‘பழம்’ என்பதைப் ‘பலம்’ என்று சொல்லிப் பழகியவருக்கு இரண்டும் எதுகையாகவே கேட்கும். ‘கண்ணன், மன்னன்’ என்று எழுதுகிறார்கள், ஒன்று டண்ணகரம், மற்றொன்று றன்னகரம். இன எதுகை என்று ஒன்று இருக்கிறதே என்றால், இருக்கிறது. ‘அன்பீனும்’ என்று தொடங்கிய குறளின் அடுத்த அடி ‘நண்பென்னும்’ என்று வருகிறது. ஆனால் எழுதிய பிறகு தற்செயலாகப் பொருந்தியதற்கு இன எதுகை என்று பெயர் சூட்டாதீர்கள். முதல் ஐம்பது வெண்பாக்களுக்கு அதே எழுத்தையே வைத்துப் பழகுங்கள்.

மோனை

மோனை என்பது முதல் எழுத்து ஒன்றி வருவது. இங்கே பிழை ஒன்றுதான். ‘கண், கிளி’ இரண்டும் ககரம்தானே என்று நினைக்கிறார்கள். மெய் மட்டும் ஒத்தால் போதாது, மேலே ஏறிய உயிரும் ஓர் இனமாக இருக்க வேண்டும். அ ஆ ஐ ஔ ஓர் இனம், இ ஈ எ ஏ ஓர் இனம், உ ஊ ஒ ஓ ஓர் இனம். ‘கண், காடு, கை’ மோனை. மெய்யில் சகரத்துக்குத் தகரம், ஞகரத்துக்கு நகரம், மகரத்துக்கு வகரம் மோனையாக வரும். ‘மண், வானம்’ மோனைதான், தயங்க வேண்டாம். எந்தச் சீரில் வைப்பது என்று தெரியாவிட்டால் முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் வையுங்கள். அது பொழிப்பு மோனை, வெண்பாவுக்கு இயல்பாக உட்காரும். பேருந்து வெண்பாவில் ‘பேருந்து, பேசியே’ அப்படி விழுந்ததுதான்.

என்ன அணி என்று தெரியவில்லை

‘போல’ இருக்கிறது, உவமை என்று எழுதினேன், தப்பு என்கிறார்கள். அந்தப் ‘போல’ எதைச் செய்கிறது என்று பாருங்கள். இரண்டு பொருள்களை ஒப்பிட்டால் உவமை. தானாக நடக்கும் ஒன்றுக்குப் புலவர் தம் குறிப்பை ஏற்றிச் சொன்னால் தற்குறிப்பேற்றம். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் ‘வாரல் என்பன போல் மறித்துக்கை காட்ட’ அசைகின்றன. காற்றில் அசையும் கொடி, வராதே என்று கோவலனைத் தடுப்பதாக இளங்கோவடிகள் சொல்கிறார். ‘போல்’ இருந்தும் அது உவமை இல்லை. சோதனை எளிது: அந்தச் செயல் புலவர் சொன்ன காரணம் இல்லாமலும் நடக்குமா? நடக்கும் என்றால் தற்குறிப்பேற்றம்.

‘போல’ இல்லை. சொல் எந்த வரிசையில் இருக்கிறது? ‘மலர்முகம்’ என்றால் மலர் போன்ற முகம், உவமை, ‘போன்ற’ என்ற உருபு மறைந்திருக்கிறது. ‘முகமலர்’ என்றால் முகமாகிய மலர், உருவகம். சொல் இடம் மாறினால் அணியும் மாறுகிறது. இரண்டு பொருளில் ஒன்றை மட்டும் உருவகமாக்கி மற்றொன்றை அப்படியே விட்டிருந்தால் ஏகதேச உருவகம். ‘கருமமே கட்டளைக் கல்’ என்று செயலை உரைகல் ஆக்கிய குறள், அதில் உரைத்துப் பார்க்கும் பெருமையையும் சிறுமையையும் பொன் ஆக்காமல் விட்டிருக்கிறது.

இரண்டு வாக்கியம் தனித்தனியாக நிற்கிறது. உவமையும் பொருளும் இரண்டும் வந்து, நடுவில் உருபு மட்டும் இல்லை என்றால் எடுத்துக்காட்டு உவமை. முதல் குறளே அதற்குச் சான்று. உவமை மட்டும் வந்து பொருள் வரவே இல்லை என்றால் பிறிது மொழிதல். ‘பீலிபெய் சாகாடும்’ என்ற குறளில் மயிலிறகும் வண்டியும் அச்சும்தான் இருக்கின்றன. பகைவரை எளியவர் என்று எண்ணாதே என்பதை நாம் எடுத்துக்கொள்கிறோம். ஒப்புமையைச் சொல்லிவிட்டு வேறுபாட்டையும் காட்டினால் வேற்றுமை. தீயும் சுடும், நாவும் சுடும், தீப்புண் ஆறும், நாவால் சுட்டது ஆறாது.

ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. பொருளும் அதேதானா என்று பாருங்கள். ‘செல்வத்துள் செல்வம்’ குறளில் சொல்லும் பொருளும் மாறவில்லை, சொற்பொருள் பின்வருநிலை. ‘துப்பார்க்குத் துப்பாய’ குறளில் ஒரே சொல் நல்லது, உணவு, உண்பவர் என்று பொருள் மாறி வருகிறது, சொற்பின்வருநிலை. சொல் வேறு வேறாக இருந்து பொருள் ஒன்றாக இருந்தால் பொருட்பின்வருநிலை. உரையைப் பார்க்காமல் இதில் விடை எழுதாதீர்கள். துப்பு என்ற சொல்லுக்கு இத்தனை பொருள் என்று நம்மால் ஊகிக்க முடியாது.

எப்போது ஆசிரியரிடம் போவது: சங்கப் பாட்டில் உள்ளுறையா இறைச்சியா (இரண்டும் குறிப்பாகப் பொருள் உணர்த்தும் முறைகள்) என்ற கேள்வி வந்த உடனேயே. அங்கே விலங்கும் பூவும் எந்தத் திணையைச் சேர்ந்தவை, பேசுவது தோழியா தலைவியா, கேட்பது யார் என்பதெல்லாம் தெரிந்தால்தான் பொருள் திறக்கும். எனக்கே இன்றும் சில பாட்டுகளை உரையோடு உட்கார்ந்து, பெரியவர்களிடம் கேட்டுத்தான் தெளிய வேண்டியிருக்கிறது.

எல்லாம் சரி, ஆனால் பாட்டாக இல்லை

தளை தட்டவில்லை, எதுகை இருக்கிறது, மோனை இருக்கிறது. வாசித்தால் கணக்கு வாய்பாடு போல இருக்கிறது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் கோளாறு இதுதான், ஏனென்றால் இவ்வளவு தூரம் உழைத்தவருக்குத்தான் இது வரும்.

முதலில் அடைசலைத் தேடுங்கள். அளவை நிரப்புவதற்கென்று உட்கார்ந்திருக்கும் ‘தான்’, ‘ஆம்’, ‘நன்றாய்’, ‘என்றும்’. அவற்றைக் கோடிட்டுவிட்டுப் படியுங்கள். பொருள் குறையவில்லை என்றால் அவை அடைசல். அந்த இடத்தில் நிறமோ, ஊரோ, ஒரு பொருளின் பெயரோ வைக்க முடியுமா பாருங்கள். அப்புறம் வகையுளியை எண்ணுங்கள். நான்கு அடியில் ஒன்றிரண்டு சொல் உடைந்தால் ஓசைக்கு இடறல் இல்லை. அடிக்கு அடி உடைந்தால் கேட்பவர் சொல்லைப் பொறுக்கி எடுக்கவே நேரம் போய்விடும்.

அதன்பின் எதுகைக்காகக் கருத்தை வளைத்தீர்களா என்று பாருங்கள். முதல் அடியில் ‘பட்டு’ வந்துவிட்டது, அதனால் இரண்டாம் அடியில் ‘கட்டு’ வந்தது, அதனால் யாரோ எதையோ கட்டினார்கள் என்று பாட்டு போயிருந்தால், இரண்டாம் அடியைத் தொடாதீர்கள். முதல் அடியின் முதல் சொல்லை மாற்றுங்கள். நீங்கள் உண்மையில் சொல்ல வந்தது பெரும்பாலும் கடைசி அடியில் இருக்கும். அதை முதலில் எழுதி வைத்துவிட்டு, அதற்கு எதுகை தேடிக்கொண்டு மேலே போங்கள்.

இதற்குமேல் நோட்டுக்கு வேலை இல்லை. யாப்பு தெரிந்த ஒருவர் முன்னால் வாய்விட்டுப் படியுங்கள், அவர் கையில் தாளைக் கொடுக்காமல். அவர் எந்தச் சொல்லில் நிறுத்தி ‘இதை இன்னொரு தடவை சொல்லு’ என்கிறாரோ, அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.